பொங்காத மாவு

மூன்றாவது நாளும் மாவு பொங்கவில்லை.

பேச்சியம்மாள் எவர்சில்வர் டிரம்மின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். முந்தின நாள் சாயங்காலம் ஆட்டி, உப்புப் போட்டுக் கலக்கி வைத்த மாவு வைத்தது வைத்தபடி கிடந்தது. ஒரு குமிழி இல்லை. ஒரு விரற்கடை ஏறவில்லை. அவள் கையால் கலக்கியபோது விழுந்த சுழிகூட அழியாமல் அப்படியே நின்றது.

"ஏங்க, இங்கன வந்து பாருங்க" என்றாள்.

சுடலைமுத்து வாயில் பிரஷ்ஷோடு வந்து பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் போய் நுரையைத் துப்பிவிட்டு வந்தான்.

"குளிரு" என்றான். "ஓசூர் குளிருக்கு மாவு எப்படிப் பொங்கும்?"

"ஏழு வருசமா இதே ஓசூர்லதான மாவு ஆட்டுதேன். மார்கழியில பொங்குன மாவு ஆவணியில பொங்காதாக்கும்?"

"ஜூஜுவாடி பக்கம் காத்து ஜாஸ்தி. கர்நாடகா பார்டர் பாரு."

பார்டருக்கும் மாவுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்பதற்குள் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டான்.

பேச்சியம்மாளின் மாவுக்கு சிப்காட் வட்டாரத்தில் ஒரு பெயர் இருந்தது. ஊரைவிட்டு வந்து நாலைந்து பேராக அறை எடுத்துத் தங்கி, ஷிப்ட் முடிந்து வந்து தாங்களே சமைக்கிற ஆண்பிள்ளைகள் முப்பது பேராவது தினமும் அவளிடம் பாக்கெட் வாங்கினார்கள். பழைய வீட்டுச் சமையலறையில் கிரைண்டரை வைத்தால் ஆள் நிற்க இடமில்லை, ஆள் நின்றால் கிரைண்டருக்கு இடமில்லை. பெரிய கிரைண்டர் ஒன்று வாங்கி, வாசலில் தன் பெயரில் போர்டு மாட்ட வேண்டும் என்பதற்காகத்தான் ஜூஜுவாடியில் இந்த வீட்டைப் பிடித்து, ஐந்து நாளுக்கு முன்னால் பால் காய்ச்சிக் குடிவந்தாள். போர்டு எழுதி வந்துவிட்டது. மாவுதான் வரவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சுடலைமுத்து தலையைச் சொறிந்துகொண்டான். எல்லாம் அவன் செய்த வேலை.

அவன் வேலை பார்த்த கம்பெனியில் ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கை விரிப்பும் திரைச்சீலையும் தயாராயின. சாதாரணத் துணியில்லை. வெள்ளியும் செம்பும் கலந்த உலோகத்தைத் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத் துகள்களாக்கி, தண்ணீரில் மிதக்கவிட்டு, அந்தத் தண்ணீரைத் துணியில் ஏற்றுவார்கள். சுடலைமுத்து துணி உருளைகளை மெஷினில் மாட்டிக் கழற்றுகிறவன். அந்தத் தண்ணீர் மூடிய குழாய்க்குள் போய் மூடிய தொட்டிக்குள் விழுந்ததால், அதை அவன் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அதன் மகிமையை வகுப்பில் கேட்டிருந்தான்.

கம்பெனியின் ஆய்வகத்தில் சத்யப்ரியா என்று ஒரு பெண் இருந்தாள். சேலத்துக்காரி, கெமிஸ்ட்ரி படித்தவள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழிலாளிகளை உட்காரவைத்து வகுப்பு எடுப்பாள். ஒருநாள் ஒரு கண்ணாடித் தட்டின் படத்தைக் காட்டினாள். தட்டு முழுக்கக் கிருமிகள் பாலாடை மாதிரி படர்ந்திருந்தன. நடுவில் ஒரு துண்டுத் துணி. துணியைச் சுற்றி மட்டும் பளிங்கு போல ஒரு வட்டம்.

"இந்த வட்டத்துக்குள்ள ஒரு கிருமிகூட உயிரோட இருக்காதுங்கண்ணா" என்றாள். "வெள்ளி மட்டும் இருந்தா மெதுவாத்தான் வேலை செய்யும். செம்பும் கூடச் சேர்ந்தா ரெண்டும் சேர்ந்து கிருமியோட தோலையே ஓட்டை போட்டுடும்."

அந்த வட்டம் சுடலைமுத்துவின் மனதில் பதிந்துவிட்டது.

பால் காய்ச்சுவதற்கு முதல் நாள், "அரைநாள் லீவு போட்டு, புது வீட்டை பினாயில் ஊத்தித் தேய்ச்சுக் கழுவி வையுங்க" என்று பேச்சியம்மாள் சொல்லியிருந்தாள். லீவு போட்டான். தேய்க்கத்தான் மனம் வரவில்லை. கம்பெனியை விட்டுக் கிளம்பும்போது ஆய்வக வாசலில் கழுவுவதற்காக ஒரு தட்டு நிறைய வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில்கள் வைத்திருந்தார்கள். ஒன்றில் முக்கால்வாசி இருந்தது. ஸ்டிக்கரில் ஒரு எண்ணும் இங்கிலீஷில் ஒரு எழுத்தும். கிருமி கொல்லும் அந்தத் தண்ணீர்தான் என்று எடுத்துச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

புது வீட்டைத் திறந்து பார்த்தால், ஆறு மாதமாகப் பூட்டிக் கிடந்த வீட்டில் ஒரு ஒட்டடை இல்லை. தரையில் ஒரு மண் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற அழுக்கை யாரோ பார்த்துக்கொண்டார்கள், தெரியாததை நாம் பார்த்துக்கொள்வோம் என்று சந்தோஷமாக பாட்டிலில் தெளிப்பானை மாட்டி, சுவர், தரை, அலமாரி, மேடை, கிரைண்டர் வைக்கிற மூலை என்று பீய்ச்சினான். கொண்டுவந்து இறக்கியிருந்த மாவு டிரம்மையும் விடவில்லை. அந்தத் திரவத்தில் மணம் இல்லை, நிறம் இல்லை, பிசுபிசுப்பு இல்லை. உயர்ந்த சரக்கு என்பதற்கு அதுவே அடையாளம் என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் பேச்சியம்மாள் வந்து பரணில் விரலை ஓட்டிப் பார்த்தாள். விரலில் தூசி ஒட்டவில்லை.

"பதினோரு வருசத்துல மொத தடவையா ஒரு வேலைய ஒழுங்காச் செஞ்சிருக்கிய" என்றாள்.

அவன் அடக்கமாகத் தலையசைத்தான். அதற்குப் பிறகு எப்படி உண்மையைச் சொல்வது?

பஸ்ஸில் தலையைச் சொறிந்த அன்று சாயங்காலம் வீடு திரும்பும்போது ஒரு யோசனையோடு வந்தான். பக்கத்துப் போர்ஷனில் சுகுணா என்று ஒரு பெண் குடியிருந்தாள், காவேரிப்பட்டினத்துக்காரி. அவளிடம் போய் நன்றாகப் புளித்த மாவு ஒரு கிண்ணம் வாங்கிவந்தான். மூடியைத் தூக்கினாலே மூக்கைத் துளைத்தது.

"இதைக் கலந்து வை. இதுல இருக்கிற புளிப்பு அதுல ஏறிரும்" என்றான். செத்துப்போன கிருமிகளுக்குப் பதிலாகப் புதுக் குடித்தனம் இறக்குகிறோம் என்பது அவன் கணக்கு.

காலையில் திறந்து பார்த்தார்கள். சுழி அழியவில்லை. பேச்சியம்மாள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். வைத்த விரலை எடுக்காமல் அவனைப் பார்த்தாள்.

"புளிப்பே இல்லங்க."

"ஏறலையா?"

"ஏறாதது இருக்கட்டும். சுகுணா குடுத்தாளே, அந்தப் புளிப்பும் இல்ல. இப்பத்தான் ஆட்டி எடுத்த மாவு கணக்கா இருக்கு."

சுடலைமுத்துவும் தொட்டுச் சுவைத்தான். உண்மைதான். உளுந்தும் அரிசியும் உப்பும் மட்டுமே இருந்தன. கிருமி சாவது சரி; சாகிற கிருமி தான் உண்டாக்கிய புளிப்பையும் மூட்டை கட்டிக்கொண்டு போகும் என்று சத்யப்ரியா சொல்லவில்லையே என்று தோன்றியது. செம்பு கூடச் சேர்ந்திருக்கிறதே, அது அப்படித்தான் இருக்கும் என்று தேற்றிக்கொண்டான்.

வாசலில் ராஜேஷ்குமார் வந்து நின்றான். லேத் கம்பெனியில் வேலை. நாலு பேர் அறைக்கு அவன்தான் மாவு வாங்குகிறவன்.

"அக்கா, நேத்து உங்க மாவுல இட்லி ஊத்தினோம்."

"நல்லா வரலயோ?"

"வந்துச்சு. கெட்டியா வந்துச்சு. ஒண்ணு கைதவறி ரூம்மேட் கால்ல விழுந்துச்சு. இன்னைக்கு அவன் லீவு."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னான். அதுதான் பேச்சியம்மாளைச் சுட்டது. அன்றைக்குப் பாக்கெட் போடவில்லை என்று எல்லாருக்கும் போனில் சொல்லிவிட்டு, கிரைண்டருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதைப் பார்க்கச் சுடலைமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. டிரம்மையும் கிரைண்டரையும் வெளியே தூக்கிப்போய் சோப்புப் போட்டு, வெந்நீர் ஊற்றி, மறுபடி சோப்புப் போட்டு, வெயிலில் காயவைத்தான். ஆட்டுக்கல்லைத் தேய்த்த தேய்ப்பில் அவன் கை சிவந்துவிட்டது. மறுநாள் மாவு பொங்காதது மட்டுமில்லை, போன வாரம் வாங்கி மேடையில் வைத்திருந்த தக்காளி அன்று பறித்தது போல மினுங்கியது. பாலில் ஊற்றிய உறை மோர் பாலாகவே ஆகிவிட்டிருந்தது.

"சனிக்கிழமை ஊத்தின உறை" என்றாள் பேச்சியம்மாள் மெதுவாக. "இன்னைக்கு புதன்."

"நல்ல பால்" என்றான் சுடலைமுத்து.

"டிரம்மைத் தூக்குங்க" என்றாள் அவள். "சுகுணா வீட்டுல வச்சுப் பாக்கேன்."

அவன் தடுத்தான். அடுத்தவர் வீட்டைத் தொந்தரவு செய்யலாமா என்றான், இடுப்பு பிடித்திருக்கிறது என்றான். அவள் தானே தூக்கிக்கொண்டு போனாள். அதே மாவு, அதே டிரம். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். மறுநாள் காலை சுகுணா கூப்பிட்ட குரலில் இருவரும் ஓடினார்கள். மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, தரையில் இறங்கி, அவள் வீட்டு வாசல்படி வரை வந்திருந்தது.

பேச்சியம்மாள் வழிந்த மாவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் வீட்டு வாசலைப் பார்த்தாள்.

"அப்ப மாவுல குத்தமில்ல" என்றாள். "வீட்டுக்குள்ளதான் என்னமோ இருக்கு."

சுகுணா குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கு யாரும் சொல்லலையாக்கா? நான் சொன்னா வீட்டுக்காரம்மா கோவிச்சுக்கும். நீங்களே கேளுங்க."

வீட்டுக்காரர் நாராயணப்பன். ராகியும் ரோஜாவும் போட்டுக்கொண்டிருந்த நிலத்தில் ஒரு பகுதியில் வரிசையாக வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். பேச்சியம்மாள் போனபோது அவர் வயலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி மாதம்மாள் முற்றத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டதும் கீரையைக் கீழே வைத்துவிட்டாள்.

"எங்க நாத்தனார் சரசம்மா இருந்த வீடும்மா அது. நல்ல மனுஷி. யாருக்கும் ஒரு கெடுதல் நினைச்சதில்ல."

"பெறவு?"

"சுத்தம். அது ஒண்ணுதான். காய் வாங்கினா கழுவுவா. கழுவின தண்ணி விழுந்த இடத்தைக் கழுவுவா. சோப்புப் போட்டுக் கைகழுவிட்டு, சோப்பைக் கழுவுவா. பழைய சோறு, புளிச்ச மோர் வாசனை ஆவாது. நான் களி கிண்டிக் கொண்டுபோனா, உருண்டையைத் தண்ணியில அலசித்தான் தின்னுவா."

"எப்படித் தவறினாவ?"

"நல்லாத்தான் பேசிட்டிருந்தா. 'இரு மாதி, கை கழுவிட்டு வந்துடறேன்'னு பின்னாடி போனா." மாதம்மாள் கீரையை மறுபடி எடுத்தாள். "இன்னும் வரல."

பேச்சியம்மாள் வந்து இதைச் சொன்னபோது சுடலைமுத்து விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்கு அது ஒரு வகையில் நிம்மதியாகவும் இருந்தது. பழி போட ஒரு ஆள் கிடைத்துவிட்டது. அதுவும் வந்து மறுக்க முடியாத ஆள்.

"பேய் வந்து மாவைக் கழுவுதாக்கும்? ஏட்டி, பேய்க்கு வேற சோலி இல்லியா?"

"சோப்பு வாங்கி நாலு நாளாகல. பாதிதான் இருக்கு."

"நீதான் தேய்க்க."

"நீங்க தேய்க்கியன்னுல்லா நான் நெனச்சேன்."

தினமும் பாதி குடித்துவிட்டு ஜன்னலில் வைக்கும் காப்பி டம்ளர், திரும்பிப் பார்ப்பதற்குள் கழுவிக் கவிழ்த்திருப்பது அவன் நினைவுக்கு வந்தது. அது பேச்சியின் சுறுசுறுப்பு என்றுதான் எண்ணியிருந்தான். அப்படியே எண்ணிக்கொள்வது என்று முடிவு செய்தான்.

வெள்ளிக்கிழமைதான் மீன் அகப்பட்டது. திங்கட்கிழமை கிருஷ்ணகிரி அணை மீன் என்று யாரோ விற்க, அரைக் கிலோ ஜிலேபி மீனை வாங்கி வந்து பையோடு கழுவுதொட்டிக்கு அடியில் வைத்தவன், மாவுக் கவலையில் அதை மறந்தே போனான். நாலு நாள் கழித்துப் பேச்சியம்மாள் விளக்குமாறு எடுக்கக் குனிந்து, பையைத் திறந்து பார்த்துவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தாள்.

மீன் நாறவில்லை. மீன் வாசனையே இல்லை. செவுள் சிவப்பாக இருந்தது. கண் தெளிந்த கண்ணாடி போல, நேராக அவளைப் பார்த்தது. செதில் ஒவ்வொன்றும் தேய்த்து விளக்கியது போல மின்னியது.

சுடலைமுத்து அதை எடுத்துப்போய்த் தெருப்பூனைக்குப் போட்டான். எந்தக் குப்பையையும் விடாத பூனை அது. பக்கத்தில் வந்து முகர்ந்தது. முதுகு மயிர் சிலிர்க்க, மீனைப் பார்த்தபடியே நாலு அடி பின்னால் நடந்து போய், அதற்கப்புறம் திரும்பி ஓடியது.

சனிக்கிழமை காலையில் பேச்சியம்மாள் கரியப்பனை வரவழைத்தாள். குருபரப்பள்ளிப் பக்கம் குறி சொல்வதில் பேர்போனவர். மொபெட்டில் வந்து இறங்கி, வீட்டின் நடுவில் உட்கார்ந்து, ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்து, குங்குமம் தடவி, அந்த மூலையில் ஒரு பாதி, இந்த மூலையில் ஒரு பாதி வைத்தார்.

"ஒம்போது நாள் இருக்கட்டும். பழம் கருத்து அழுகிட்டா, உள்ள காத்து கருப்பு இருக்குதுன்னு அர்த்தம். நான் வந்து கட்டிடறேன்" என்றார்.

"அழுகலன்னா?" என்று கேட்டான் சுடலைமுத்து.

கரியப்பன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "அறுத்து வெச்ச பழம் எங்கியாவது ஒம்போது நாள் அழுகாம இருக்குமா தம்பி? முப்பது வருசமா வெக்கிறேன்."

ஒன்பதாம் நாள் அவர் வந்தபோது பேச்சியம்மாள் இரண்டு மூலைகளையும் கைகாட்டினாள். பழத்தின் இரண்டு பாதிகளும், இப்போதுதான் அறுத்தது போல, ஈரம் மினுங்க இருந்தன. குங்குமம் இல்லை. துடைத்த மாதிரி இல்லை. நன்றாக அலசிய மாதிரி இருந்தது. கரியப்பன் குனிந்து ஒன்றை எடுத்து லேசாக அழுத்தினார். சாறு சொட்டியது.

மற்ற மூலைக்கும் போய் அந்தப் பாதியையும் அழுத்திப் பார்த்தார்.

"என் சாஸ்திரப்படி இந்த வீட்டுல ஒண்ணும் இல்லம்மா" என்றார். குரல் அவருடையது போல இல்லை. பழத்தைப் பழைய இடத்திலேயே மரியாதையாக வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவரை போய், அங்கேதான் போட்டுக்கொண்டார். தட்சிணை கேட்கவில்லை. அதுதான் பேச்சியம்மாளுக்குக் கடைசி அடி.

அன்றைக்கே பாயையும் தலையணையையும் சுகுணா வீட்டுக்கு மாற்றிவிட்டாள். மறுநாள் வாசலில் மாட்டியிருந்த போர்டைக் கழற்றினாள்.

"நான் ஊருக்குப் போறேன்" என்றாள். "அம்மை வீட்டுல கொஞ்ச நாள் இருக்கேன். நீங்க வேற வீடு பாத்துட்டுக் கூப்பிடுங்க. பாக்கலன்னா கூப்பிட வேண்டாம்."

"மாவு யாவாரம்?"

"எந்த மாவு?" என்றாள்.

அவள் போர்டின் மேல் ஒட்டியிருக்கும் மண்ணைத் தட்டப் பார்த்து, தட்ட மண்ணே இல்லாததைக் கண்டு, கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டதைச் சுடலைமுத்து பார்த்தான். ஏழு வருசமாக நாலு மணிக்கு எழுந்து மாவு அள்ளிப்போட்ட கை அது. இவ்வளவு தூரம் விட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது. திட்டுவாள், திட்டட்டும். பரண்மேல் பழைய சூட்கேஸுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பாட்டிலை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தான்.

"பேச்சி, பேயுமில்ல பூதமுமில்ல. நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னான். வெள்ளி, செம்பு, கண்ணாடித் தட்டு, வட்டம். வீட்டைக் கழுவாமல் பீய்ச்சியது. "நம்ம வீடே இப்ப அந்த வட்டத்துக்குள்ள இருக்கு. அதான் மாவு பொங்கல, பால் உறையல, மீன் நாறல. எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு."

அவள் பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்துப் பார்த்தாள்.

"தண்ணி கணக்கால்லா இருக்கு?"

"அதுதான் இதோட பெருமையே."

பேச்சியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மூன்று வாரத்துப் பயம் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அது இறங்கிய இடத்தில் கோபம் ஏறியது. அரைமணி நேரம் திட்டினாள். அவனை, அவன் கம்பெனியை, அவன் சோம்பேறித்தனத்தை, அதை அவனுக்குக் கொடுத்த அவன் குடும்பத்தை. சுகுணா வாசலில் நின்று ரசித்துக் கேட்டாள். திட்டி முடித்துவிட்டுப் பேச்சியம்மாள் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாள்.

"பேய் இல்லன்னா போதும்" என்றாள். "புருசன் பொய் சொல்லுதது பழகுனதுதான்."

பாயும் தலையணையும் வீட்டுக்குத் திரும்பின. டிரம்மும் திரும்பியது. போர்டை அவளே ஆணியில் மாட்டினாள்.

"நாளைக்கு அந்த லேப் பிள்ளைகிட்டப் போய், இதை எப்படி எடுக்கதுன்னு கேட்டுட்டு வாங்க. வேலை போனாலும் சரி."

"நீ தனியா இருந்துக்கிடுவியா?"

"எனக்கென்ன பயம்? வெள்ளியும் செம்பும் என்னைக் கடிச்சா தின்னும்? சரசம்மாவைப் போய்த் தப்பா நெனச்சனே, பாவம்" என்றாள். மூலையில் கிடந்த எலுமிச்சம்பழப் பாதியை எடுத்து, தண்ணீரில் பிழிந்து, சர்க்கரை போட்டுக் குடித்தாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சுடலைமுத்து பாட்டிலைப் பையில் மறைத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனான். சத்யப்ரியா நுண்ணோக்கியில் குனிந்திருந்தாள். நிமிர்ந்து, "வாங்கண்ணா, உட்காருங்க" என்றாள்.

உட்காருவதற்குள் போன் அடித்தது. பேச்சியம்மாள். குரலில் பழைய உற்சாகம் வந்திருந்தது.

"ஏங்க, காலையில கிளம்புற அவசரத்துலயும் பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்திட்டுப் போயிருக்கியளே. நான் சும்மா கொஞ்சம் கண்ணசந்து எந்திச்சுப் பாக்கேன், அடுக்களையே பளபளன்னு இருக்கு."

சுடலைமுத்து அப்படி எதுவும் செய்யவில்லை. சுகுணா வந்து உதவியிருப்பாள் என்று நினைத்தான். நேற்று வாங்கிய திட்டுக்கு இது ஒரு பரிகாரமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் நினைத்தான்.

"ஆமா" என்றான். "சும்மாதான் செஞ்சேன்."

"சரி, வச்சிருதேன். பின்னாடி குழாய் தெறந்து கெடக்கு போல. தண்ணி விழுத சத்தம் கேக்கு. அடைச்சிட்டு வாரேன்."

போனைப் பையில் போட்டுவிட்டு அவன் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான். கேட் காவலாளிக்குத் தெரியாமல் எடுத்துப் போனது, வீடெல்லாம் பீய்ச்சியது, மாவு, பால், மீன், பழம், மனைவி ஊருக்குக் கிளம்பியது வரை ஒன்று விடாமல் சொன்னான். சரசம்மாவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. படித்த பெண்ணிடம் அதைப் போய்ச் சொல்வதா என்று கூச்சமாக இருந்தது.

"தப்புதாம்மா. என்ன தண்டனைன்னாலும் வாங்கிக்கிடுதேன். அந்த வெள்ளியையும் செம்பையும் வீட்டை விட்டு எப்படி வெளிய எடுக்கதுன்னு மட்டும் சொல்லிரு. வீட்டுல அவ தனியா இருக்கா."

சத்யப்ரியா பாட்டிலைத் திருப்பி ஸ்டிக்கரைப் படித்தாள். எண்ணைப் படித்தாள். பக்கத்தில் இருந்த எழுத்தைப் படித்தாள். அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அந்த எண்ணைத் தேடி விரலால் கோடு இழுத்துச் சரிபார்த்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது.

"பயப்படாதீங்கண்ணா, இதால உங்க வீட்டுல ஒரு கிருமிகூடச் செத்திருக்காது. மருந்து போட்டதோட ஒப்பிட்டுப் பாக்குறதுக்காக, மருந்தே கலக்காம வெச்சிருந்த வெறும் தண்ணி இது."